வாசம் தின்னும் மண்

மண் எண்ணெயைக் குடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தரையில் எண்ணெய் கொட்டினால் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டுக் கூட்டுகிறோம், வேலை முடிந்தது. அதை வைத்து ஒரு தொழிலே நடக்கும், ஒரு குடும்பம் அதில் சாப்பிடும், பிறகு அதே மண்ணால் அந்தக் குடும்பம் தெருவில் நின்று சந்தி சிரிக்கும் என்றெல்லாம் நான் கனவா கண்டேன்?

நான் சாக்கு தைக்கிறவன். கிழிந்த சாக்கை வாங்கி, ஒட்டுப் போட்டு, திருப்பி விற்கிறவன். வெளுப்புக்காரர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். என் அறைக்கும் அவர்கள் கூடத்துக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். கேட்கக் கூடாது என்று நினைத்தாலும் கேட்கும், பலகை இடுக்கு வழியாகக் கண்ணிலும் படும். நான் அப்படி நினைத்ததும் கிடையாது, பொய் எதற்கு.

வெளுப்புக்காரர் என்றால் துணி வெளுக்கிறவர் இல்லை. எண்ணெய் வெளுக்கிறவர். ஆலையிலிருந்து எண்ணெய் டிரம்மில் வரும். கன்னங்கரேல் என்று இருக்கும், அல்லது செம்மண் தண்ணீர் மாதிரி இருக்கும். அதைப் பெரிய அண்டாவில் காய்ச்சி, சாம்பல் நிறத்தில் மாவாக அரைத்த ஒரு மண்ணைக் கொட்டிக் கிளறுவார்கள். பிறகு துணி கட்டிய இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் விட்டு அழுத்தினால், அந்தப் பக்கம் எண்ணெய் பளிச்சென்று வெளுத்து இறங்கும். துணியில் ஒட்டியிருக்கும் கருத்த மண்ணை மரக்கரண்டியால் வழித்து எடுப்பார்கள். அதற்குப் பெயர் சக்கை.

"மண்ணு சும்மா வேலை செய்யாது," என்பார் வெளுப்புக்காரர். "எண்ணெய்ல இருக்கற கருப்பு, காறல், நாத்தம் எல்லாத்தையும் எடுத்துத் தன் மேல பூசிக்கும். கூடவே எண்ணெய்லயும் ஒரு பங்கப் புடிச்சு வச்சுக்கும். கூலி வாங்காம எவன் வேலை செய்வான்?"

நல்ல மனுஷன்தான். ஆனால் தனக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டார். எண்ணெயை ஒரு சொட்டு நாக்கில் வைத்து எந்த ஆலை என்று சொல்லிவிடுவார். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

அவருக்கு ஒரே பெண். மாப்பிள்ளை வீட்டோடு மாப்பிள்ளை. மாமனாரின் கொட்டகையில்தான் அவனுக்கும் வேலை. தெருவில் அவனுக்குப் 'புகைவண்டி' என்று பெயர். ஒன்று அணைவதற்குள் அடுத்ததைப் பற்ற வைக்கிற ஆள். குழந்தை பிறந்து அதற்கு இழுப்பு வந்ததும், வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது என்று டாக்டர் கேட்டார். அன்றைக்கு விட்டான். பழக்கம் போயிற்று, பெயர் போகவில்லை.

அந்தப் பெண் சும்மா நம்பிவிடுகிற ரகம் இல்லை. "இன்னொரு தடவை உங்க மேல அந்த வாசம் வந்துச்சுன்னா, நானும் பாப்பாவும் உள்ள, நீங்க வெளிய. அப்புறம் எங்கிட்ட யாரும் சமாதானத்துக்கு வரக்கூடாது," என்று சொல்லியிருந்தாள். சொன்னதோடு நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் அவன் கொட்டகையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றியதும், அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பாள். காலர், பாக்கெட், கை மடிப்பு எல்லாம். பிறகுதான் வாளியில் போடுவாள். அவனும் சோதனைச் சாவடியில் நிற்கும் லாரிக்காரன் மாதிரி பேசாமல் நிற்பான். சிரிப்பாகத்தான் இருக்கும் பார்க்க.

"என்ன வருது?" என்பான்.

"மண்ணும் எண்ணெயும்."

"போலாமா?"

"போங்க."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷம் பெயின்ட் கம்பெனி ஒன்றிலிருந்து புது வேலை வந்தது. சமையல் எண்ணெய் இல்லை, ஆளி விதை எண்ணெய். சுவரில் பூசினால் காய்ந்து தோலாகப் பிடித்துக்கொள்ளுமே, அந்த எண்ணெய். வெளுப்புக்காரர் நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "எண்ணெய்னா எண்ணெய்தான். மண்ணுக்கு என்ன தெரியும், இது சமையலுக்கா சுவத்துக்கான்னு," என்று வேலையை எடுத்துக்கொண்டார்.

அதே சமயத்தில்தான் தண்ணீருக்கும் பஞ்சம் வந்தது. முன்பெல்லாம் சக்கையைக் கொட்டகைக்கு வெளியே பரப்பி, மேலே நாலு குடம் தண்ணீர் தெளித்து விடுவார்கள். ஏன் தெளிக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. வெளுப்புக்காரருக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் தெளித்தார், இவரும் தெளித்தார், அவ்வளவுதான். இப்போது குடிக்கவே தண்ணீர் இல்லை, சக்கைக்கு எங்கே போவது. தவிர, சக்கையை எரிக்க எடுத்துப்போகிற செங்கல் சூளைக்காரனும் ஈரமாக இருந்தால் வேண்டாம் என்கிறான்.

"தெளிக்கவும் வேணாம், பரப்பவும் வேணாம். சூடா இருக்கறப்பவே சாக்குல அமுக்கிக் கட்டி உள்ள அடுக்குங்க மாப்பிள்ளை," என்றார். மாப்பிள்ளை அடுக்கினான். சாக்கு என்னுடையது. ஒட்டுப் போடாத நல்ல சாக்காகக் கேட்டார், சக்கை சிந்தக் கூடாதாம்.

ஆளி எண்ணெய் வெளுக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே கொட்டகை எரிந்தது.

நல்ல மத்தியான வெயில். எல்லோரும் சாப்பாட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள். கடைசியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தவன் மாப்பிள்ளை. அவன் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது தெருமுனையிலிருந்து சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால், சாக்கு அடுக்கியிருந்த மூலை திகுதிகுவென்று எரிகிறது. எண்ணெய் டிரம்களைப் பின்பக்கமாக உருட்டி வெளியே தள்ளியதால் பிழைத்தோம். வெளுப்புக்காரருக்கு முன்கை வெந்துபோனது. பாதிக் கூரை போய்விட்டது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து மிச்சத்தை அணைத்தார்கள்.

அவர்களில் பெரியவர் ஒருவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார். "இங்க யாராவது பீடி, சிகரெட்?"

 அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது. புகைவண்டி என்று பெயர் வாங்கினவன் வேறு எங்கே போய் ஒளிவது.

"நான் விட்டுட்டேன்," என்றான் அவன்.

"நெருப்பில்லாம புகையுமா," என்றாள் மாமியார். அவள் கெட்டவள் இல்லை. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் நடந்ததுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. வெளுப்புக்காரர் கையில் கட்டுடன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை சுவரோரம். குழந்தை தூங்குகிறது. பலகைக்கு இந்தப் பக்கம் நான், ஊசியும் கையுமாக.

"கடைசியா உள்ள இருந்தது யாரு?"

"நான்தான் மாமா."

"அடுப்பு அந்தப் பக்கம், மூட்டை இந்தப் பக்கம். நடுவுல அவ்வளவு தூரம். தானா பத்திக்குமா?"

"தெரியல மாமா."

"தெரியலையா? சக்கை எரியும்னு உனக்குத் தெரியாதா? ஒருத்தன் பத்த வச்சாத்தான் எரியும்னும் தெரியாதா?"

அதுவரை அவர் மாப்பிள்ளையை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

அப்போது அந்தப் பெண் பேசினாள். மெதுவாகத்தான். "அப்பா, நான் சட்டைய மோந்து பாத்தேன். தீய அணைச்சுட்டு வந்து கழட்டினதும் பாத்தேன். எரிஞ்ச வாசம் இருந்துச்சு. சிகரெட் வாசம் இல்ல."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. முடிந்தது விஷயம் என்று நினைத்தேன். வெளுப்புக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"ஏம்மா, என் பொண்ணா இருந்துட்டு இப்படிப் பேசறியே. அந்த மண்ணோட வேலை என்ன? நாறிப்போன எண்ணெய்ல போட்டா நாத்தத்தையே இல்லாம பண்ணிடுது. அது சட்டை பூரா அப்பிக் கெடக்கு. சிகரெட் வாசம் அதுக்கு எம்மாத்திரம். மண்ணு வாசத்தத் தின்னுடும்மா. இவ்வளவு நாளும் நீ மோந்து பாத்தது சட்டைய இல்ல, மண்ண."

 அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. தினமும் மோந்து பார்த்த அத்தனை சாயங்காலமும் அவளுக்கு அந்த நிமிஷத்தில் சந்தேகமாகியிருக்க வேண்டும்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் புருஷனிடம். "குடிச்சீங்களா?"

அவன் "இல்ல" என்றான். சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். அந்த நேரம்தான் அவனைக் கவிழ்த்தது.

அவள் எழுந்து குழந்தையிடம் போய்விட்டாள்.  பாயும் தலையணையும் என் அறை வாசலில் வந்து விழுந்தன.

"அண்ணே, ரெண்டு நாளைக்கு இங்க படுத்துக்கறேன்," என்றான்.

"ரெண்டு நாளா? உன் மாமனாரப் பத்தி உனக்குத் தெரியலையே தம்பி," என்றேன்.

கொட்டகைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து என் சாப்பாட்டைச் சாப்பிட அவனுக்குக் கூச்சம். அதனால் என்னோடு உட்கார்ந்து சாக்கு தைக்க ஆரம்பித்தான். தைப்பது என்ன பெரிய வித்தை. கோணி ஊசியை வளைவுப் பக்கமாகக் குத்தி, சணல் நூலை இழுத்து, ஒவ்வொரு நாலாவது தையலுக்கும் ஒரு முடிச்சு. ஆனால் அவன் கை மண்ணுக்குப் பழகின கை. விரலெல்லாம் குத்திக்கொண்டான். சணல் தூசியில் இருமினான்.

நடுநடுவே விசித்திரமாகக் கேள்வி கேட்பான்.

"அண்ணே, ஒரு பொறி விழுந்தா உடனே பத்திக்குமா, இல்ல உள்ளயே தூங்கிட்டு அப்புறமா எழுந்திருக்குமா?"

"எந்தப் பொறி?"

"சும்மா கேட்டேன்."

இன்னொரு நாள், "கை மடிப்புல நெருப்பு ஒட்டிக்கிட்டே வந்தா நமக்குச் சுடுமில்ல?" என்றான்.

"சுடாம? கை உன்னோடதா ஊரார் வீட்டுதா?"

 அவன் தன் சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், அநியாயப் பழி விழுந்து பயலுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

குழந்தை தவழ்ந்து பலகைத் தடுப்பின் இடுக்கு வழியாக விரலை நீட்டும். இவன் இந்தப் பக்கத்திலிருந்து அந்த விரலைத் தொடுவான். அவள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள். இதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே கஷ்டமாக இருந்தது.

பெயின்ட் கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருந்தது. அழுத்துகிற சட்டங்கள் நெருப்புக்குத் தப்பியிருந்ததால், வெளுப்புக்காரர் கட்டுப் போட்ட கையோடு, ஒரு கூலி ஆளை வைத்துக்கொண்டு மிச்ச எண்ணெயை வெளுத்தார். சக்கையை அவரே வழித்து, அவரே சாக்கில் அமுக்கினார். கொட்டகைக்குப் பாதிக் கூரை இல்லை, விட்டால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று, மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுப் பின்கட்டுக்குக் கொண்டு வந்தார். சுவரோரம் நிறுத்தி, மேலே ரெண்டு பழைய கம்பளியும் போட்டு மூடினார். "இப்ப எவன் வந்து பத்த வைக்கறான்னு பாக்கறேன்," என்றார், என் அறையில் கேட்கிற மாதிரி.

மறுநாள் மத்தியானம் நானும் புகைவண்டியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சாக்கின் ரெண்டு ஓரத்தையும் தைத்துக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து அவன் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. பின்கட்டிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க. கம்பளி புகையுது."

வெளுப்புக்காரர் ஓடினார். ஓடின வேகத்தில் திரும்பி என் அறைக்குள் நுழைந்தார். முகம் சிவந்திருந்தது. "எங்க அவன்?"

அவன் கையில் ஊசியோடு அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"காலையிலேர்ந்து என் முன்னாடிதான் இருக்காரு," என்றேன். "ஒண்ணுக்குக்கூடப் போகல. சந்தேகமா இருந்தா சாக்க எண்ணிப் பாருங்க."

எல்லோரும் பின்கட்டுக்குப் போனோம். அங்கே யாரும் இல்லை. அடுப்பு இல்லை, விளக்கு இல்லை. கம்பளியின் நடுவிலிருந்து நூல் பிரிகிற மாதிரி மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. கூலி ஆள் ஒரு கம்பியால் கம்பளியை விலக்கி மூட்டையைக் குத்திக் கிழித்தான். வெளியே இருந்த சக்கை கருப்பாக இருந்தது. உள்ளே இருந்தது சிவப்பாக இருந்தது. காற்று பட்டதும் எங்கள் கண் முன்னாலேயே குபீரென்று எழுந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் கொண்டு வந்து ஊற்றினோம்.

வெளுப்புக்காரர் ஈரத் தரையில் அப்படியே நின்றார். அவர் வழித்த சக்கை, அவர் கட்டின மூட்டை, அவர் போர்த்தின கம்பளி. யாரைச் சொல்வார்.

மண் விற்கிற கம்பெனி ஆள் அடுத்த லோடோடு வந்தபோது விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆளி எண்ணெய் குடிச்ச மண்ண மூட்டை கட்டினீங்களா? அதுவும் சூட்டோட? அந்த எண்ணெய் காயறதே காத்தப் புடிச்சுக்கிட்டுதாங்க. காயறப்ப சூடு விடும். டப்பால கெடந்தா தெரியாது. மண்ணு பொடியில ஒவ்வொரு துகள் மேலயும் மெலிசா பூசிக் கெடக்கு பாருங்க, அத்தனையும் ஒரே சமயத்துல காயும். பரப்பி வச்சீங்கன்னா சூடு காத்தோட போயிடும். மூட்டைக்குள்ள எங்க போகும்? கம்பளி வேற போட்டீங்களாக்கும்."

"அப்ப தண்ணி தெளிச்சது?" என்றார் வெளுப்புக்காரர்.

"அதுக்குத்தான்."

அந்த மனுஷன் தோளிலிருந்து துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு நேராக என் அறைக்கு வந்தார். "மாப்பிள்ளை," என்றார். எவ்வளவு நாள் கழித்து அந்த வார்த்தை. "தப்பு என்னோடது. நாளைக்குக் கொட்டகைக்கு வாங்க." அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று யாராவது பந்தயம் கட்டியிருந்தால் நான் தோற்றிருப்பேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. மூட்டை தானாக எரிந்த அன்றைக்கு, எல்லோரும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, புகைவண்டி சுவரோரம் குந்தி முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். குலுங்கிக் குலுங்கி அழுதான். அநியாயப் பழி தீர்ந்த அழுகை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மாமியாரும் அழுதாள். அந்தப் பெண் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்தாள். கையில் ரெண்டு டம்ளர் டீ. எனக்கு ஒன்று கொடுத்தாள். நான் வெளியே போகலாம் என்று எழுந்தேன். "நீங்க இருங்க அண்ணே. உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு," என்றாள். பலகைத் தடுப்பைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. உட்கார்ந்து, ஏற்கனவே நூல் கோத்திருந்த ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தேன்.

அவள் அவன் எதிரே சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"நான் மோந்து பாத்தேன்," என்றாள். "வாசம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அப்பா ஒரு வார்த்தை சொன்னதும் என் மூக்கையே நான் நம்பல. உங்களயும் நம்பல. கட்டினவ நானே கைய விட்டுட்டேன். இத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல." அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

அவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். சரி போகட்டும் விடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் ஜெயித்துவிட்டான், ராஜா மாதிரி உள்ளே போயிருக்கலாம்.

"உங்கப்பா சொன்னது நெஜம்," என்றான்.

"எது?"

"மண்ணு வாசத்தத் தின்னும்னாரே, அது." டம்ளரைக் கீழே வைத்தான். "அன்னைக்கு ஒண்ணு குடிச்சேன். பாப்பாவுக்கு மொத நாள் ராத்திரி பூரா இழுத்துச்சே. மனசு ஒரு நெலையில இல்ல. எல்லாரும் சாப்பிடப் போனதும் டீக்கடைக்குப் பின்னாடி நின்னு குடிச்சேன். வாசம் வருமேன்னு கொட்டகைக்குத் திரும்பி வந்து, புது மண்ண எடுத்துக் கையில, சட்டையில, வாயோரத்துல எல்லாம் தேய்ச்சேன். அந்த மூட்டைங்க பக்கத்துல நின்னுதான் தேய்ச்சேன். அப்புறம்தான் பூட்டினேன்."

 நான் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன்.

"தீ புடிச்சதும் நான்தான் வச்சுட்டேன்னு நெனச்சேன். கை மடிப்புல ஏதாவது பொறி இருந்திருக்கும்னு நெனச்சேன். உங்கப்பா கை வெந்தத பாக்கறப்ப எல்லாம் அதே நெனப்பு. அந்த மூட்டை தானா எரியற வரைக்கும் எனக்கே தெரியாது, நான் இல்லைன்னு."

"இத ஏன் இப்ப சொல்றீங்க? யாரும் கேக்கலையே."

"நீ மன்னிப்புக் கேக்கறியே," என்றான். "அத வாங்கிக்க முடியல."

தெருவில் யாரோ தண்ணீர்க் குடத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் அழுகை நின்றுவிட்டது. கோபமா இல்லையா என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அதுக்கு முன்னாடி?"

"இல்ல."

"அத எப்படி நான் நம்பறது?"

  எத்தனை சட்டை, எத்தனை சாயங்காலம், எல்லாவற்றிலும் மண்தான் இருந்தது.

அவள் எழுந்து சுவரருகே போனாள். ஆணியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்தாள். கொட்டகைப் பக்கம் போகாமல், என்னோடு உட்கார்ந்து தைத்த நாட்களின் சட்டை. காலரை மோந்தாள். பாக்கெட்டை மோந்தாள். கை மடிப்பைப் பிரித்து அதையும் மோந்தாள். அவசரப்படவில்லை.

"என்ன வருது?" என்றான் அவன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"சணல். வேர்வை. நீங்க." சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க கொட்டகைக்குப் போக வேணாம்."

"பின்ன?"

"இங்கயே சாக்கு தைங்க. இதுல எதுவும் மறையாது."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. வாசலில் நின்று திரும்பி, "டீ ஆறுது, குடிச்சுட்டு உள்ள வாங்க. பாப்பா தேடுது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஊசிப் பெட்டியிலிருந்து அவன் கைக்குத் தோதாக ஒரு ஊசியைத் தேடி எடுத்து, அவன் உட்காரும் இடத்தில் வைத்தேன்.